மேலே வெந்த காய், கீழே மஞ்சள் இலை: பாலிஹவுஸில் வெளிச்சக் கோளாறை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சித்திரை பிறந்ததும் எனக்கு வரும் போன்களில் பாதிக்கு ஒரே கேள்விதான். "அண்ணா, குடைமிளகாய் வெந்து போகுது. ஷேட் நெட் ஐம்பது சதவீதம் போடட்டுமா, எழுபத்தஞ்சு போடட்டுமா?"

நான் உடனே கேட்பது, "அடியிலை எப்படி இருக்கு?"

"அது மஞ்சளாகி உதிருதுண்ணா. உரம் வெச்சிருக்கேன். அது வேற பிரச்சினை."

அது வேறு பிரச்சினை இல்லை. மேலே காய் வேகிறது, கீழே இலை பட்டினி கிடக்கிறது. இரண்டும் ஒரே கோளாறிலிருந்து வருபவை. வெயில் அதிகமாக இருப்பது ஒன்று. வெயில் ஒரே திசையிலிருந்து கத்தி மாதிரி இறங்குவது இன்னொன்று. முதலாவதற்கு மருந்து நிழல். இரண்டாவதற்கு மருந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பது. ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் நான் பார்க்கும் பாலிஹவுஸ்களில் (பிளாஸ்டிக் ஷீட் கூரை போட்ட பயிர் வீடுகளில்) இரண்டாவது நோய்க்கு முதல் மருந்தைக் கொடுத்து, வெந்த காயோடு விளைச்சலையும் சேர்த்துக் குறைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

கணக்கு எளிது. மேகமில்லாத உச்சி வெயிலில் வெளியே சுமார் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். குடைமிளகாய், வெள்ளரி, தக்காளி, ரோஜா போன்றவற்றின் ஒரு தனி இலை ஏறக்குறைய 40,000 முதல் 50,000 லக்ஸ் வரைதான் நன்றாகப் பயன்படுத்தும். அதற்கு மேல் விழுவதில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் மாறுகிறது. உச்சி இலைக்குத் தேவைக்கு மேல் கிடைக்க, அதன் நிழலில் இருக்கும் இலைக்குச் சில ஆயிரம் லக்ஸ்கூடத் தேறாது. அதே வெளிச்சம் வானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தால், பக்கவாட்டில் நுழைந்து அடுக்கடுக்காக உள்ளே இறங்கும். மொத்தம் கூடவில்லை, பங்கீடுதான் சரியாகிறது.

1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்தபோது, மேல் வளிமண்டலத்தில் கந்தகத் துகள்கள் பரவி, உலகம் முழுக்க நேரடி வெயில் குறைந்து சிதறிய ஒளி கூடியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில், மேகமில்லாத நண்பகல் நேரத்து ஒளிச்சேர்க்கை 23 சதவீதம் கூடியிருந்ததாகக் கணக்கிட்டார்கள். மொத்த வெயில் குறைந்தும் காடு அதிகம் உண்டது. நெதர்லாந்தின் வாகெனிங்கனில், ஒளியை 71 சதவீதம் சிதறடிக்கும் கண்ணாடியின் கீழ் தக்காளி வளர்த்தபோது, சாதாரணக் கண்ணாடி வீட்டைவிடப் பயிரின் ஒளிச்சேர்க்கை 7.2 சதவீதம் கூடியது. கண்ணாடி கடத்திய மொத்த வெளிச்சம் இரு வீட்டிலும் ஒன்றுதான். ஏழு சதவீதம் சின்னதாகத் தோன்றலாம். ஒன்பது, பத்து மாதம் நிற்கும் பயிரில் அது சின்னதல்ல.

சரி, வேலைக்கு வருவோம்.

எதையும் மாற்றுவதற்கு முன் இந்த இரண்டைப் பாருங்கள்

முதல் சோதனைக்குக் கை போதும். மேகமில்லாத நாளில் பன்னிரண்டு மணிக்கு உள்ளே போய், செடியின் தலைக்கு ஓர் அடி மேலே விரல்களை விரித்துப் பிடியுங்கள். கீழே இலைமீது அல்லது ஒரு வெள்ளைத் தாள்மீது விழும் நிழலைப் பாருங்கள். ஐந்து விரலும் தனித்தனியாக, ஓரம் வெட்டினாற்போல் தெரிந்தால் உங்கள் ஷீட் வெளிச்சத்தைச் சிதறடிக்கவில்லை. கை இருக்கும் இடம் ஒரு சாம்பல் திட்டாக மட்டும் தெரிந்து, விரல் இடைவெளி மங்கினால் நன்றாகச் சிதறுகிறது.

இதில் ஒரு தவறு நடக்கும். பலர் கையைப் பிடிக்காமல் தரையில் விழும் பைப் நிழலைப் பார்த்து "மங்கலாத்தானே இருக்கு" என்பார்கள். சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமான வட்டு. அதனால் நான்கு மீட்டர் உயரத்திலிருக்கும் பைப்பின் நிழல் ஓரம், ஷீட்டே இல்லாவிட்டாலும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கித்தான் விழும். ஓர் அடி உயரத்தில் பிடித்த கையின் நிழலில் அந்த மங்கல் மூன்று மில்லிமீட்டர்கூட வராது. அதற்கு மேல் மங்கினால் அது ஷீட்டின் வேலை.

இரண்டாவது, உள்ளே வெளியே விகிதம். லக்ஸ் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போனில் உள்ள லக்ஸ் ஆப் போதும். போன் காட்டும் எண் சரியாக இருக்காது, ஆனால் ஒரே போனில் எடுத்த இரண்டு எண்களின் விகிதம் உதவும். இதை வெயில் நாளில் செய்யாதீர்கள். சிதறடிக்கும் ஷீட்டின் கீழ் வெளிச்சம் பக்கவாட்டில் வருவதால் போன் சென்சார் அதைக் குறைத்துக் காட்டும். நல்ல ஷீட்டைக் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். வானம் முழுக்க ஒரே சீராக வெண்மேகம் மூடிய நாளில், உள்ளே செடித் தலை மட்டத்தில் ஒன்பது, பத்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். உடனே வெளியே வந்து, மேலே எதுவும் மறைக்காத இடத்தில் அளங்கள்.

ஷீட் மட்டும் எண்பது, எண்பத்தைந்து சதவீதம் கடத்தினாலும் பைப், கட்டர் (கூரை மழைநீர் ஓடும் வாய்க்கால்), பூச்சி வலை எல்லாம் தின்றது போக வெளிச்சத்தில் 65 முதல் 70 சதவீதம் உள்ளே வந்தால் நிம்மதி. 50-க்குக் கீழே போனால் சிதறலைப் பற்றிப் பேசுவதற்கு முன் வெளிச்சத்தையே முதலில் உள்ளே கொண்டுவர வேண்டும்.

அறிகுறி: காயின் ஒரு பக்கம் வெள்ளையாக வெந்து, காகிதம் போல் ஆகிறது

காயைப் பறிக்காமல், செடியில் இருக்கும்போதே எந்தப் பக்கம் வெந்திருக்கிறது என்று பாருங்கள். பத்துச் செடியில் பாருங்கள். வெந்த திட்டு எல்லாக் காயிலும் ஒரே திசையை, பெரும்பாலும் மேற்கை அல்லது நேர் மேலே வானத்தை, பார்த்திருந்தால் அது வெயில் காயம். திட்டு காயின் அடிப்பக்கம், பூ உதிர்ந்த முனையை ஒட்டிக் குழிந்து, பழுப்பாக, இலைக்குள் மறைந்த காயிலும் இருந்தால் அது நுனி அழுகல். அது சுண்ணாம்புச் சத்தும் தண்ணீரும் காய்க்குச் சீராகப் போகாத கோளாறு; நெட் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு சீசன் முழுக்கக் கால்சியம் நைட்ரேட் ஊற்றியவர்களையும், நெட் இழுத்துவிட்டு அழுகலோடு போராடியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வெயில் காயம்தான் என்றால் கை நிழல் சோதனைக்குப் போங்கள். நிழல் கூர்மையாக விழுந்தால், ஷீட் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் அடுத்த முறை சிதறடிக்கும் ஷீட் போடுங்கள். அதுவரை உள்ளே, ஷீட்டுக்குக் கீழே, திறந்து மூடுகிற மாதிரி வெள்ளை நெட் கட்டுங்கள். நெட்டின் நிறம் முக்கியம். கறுப்பு நெட் தன்மேல் பட்டதை விழுங்கி, ஓட்டை வழியே வந்ததை நேராக இறக்கிவிடும். வெளிச்சம் குறையும், சிதறாது. பச்சை நெட் செடிக்கு மிகவும் வேண்டிய சிவப்பையும் நீலத்தையும் பிடித்துக்கொண்டு பச்சையை அனுப்பும். வெள்ளை, முத்து நிற நெட்டுகள் வெளிச்சத்தை ஓரளவு குறைத்து மீதியைச் சிதறடித்து இறக்கும். இஸ்ரேலில் குடைமிளகாயில் கறுப்பு நெட்டையும் முத்து நிற நெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் முத்து நிறம் விளைச்சலில் முந்தியது. நம் ஊரில் பச்சை நெட்தான் எங்கும் கிடைக்கிறது, விலையும் குறைவு என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வெள்ளைக்காக ஒரு வாரம் காத்திருங்கள் என்றுதான் சொல்வேன்.

நெட்டை எப்போது இழுப்பது? பதினொன்று முதல் மூன்று வரை. காலை வெயிலை நெட்டால் மறைக்கவே கூடாது. நிரந்தரமாகக் கட்டிய 50 சதவீத நெட் என்ன செய்கிறது என்று பாருங்கள். கூரை மொத்தத்தில் 70 விடுகிறது, நெட் அதில் பாதி விடுகிறது. உள்ளே வருவது 35 சதவீதம். உச்சி வெயிலில் 35,000 லக்ஸ், பரவாயில்லை. காலை எட்டு மணிக்கு வெளியே 30,000 இருந்தால் உள்ளே பத்தாயிரம்தான். ஆனி, ஆடி மேகத்தில் நாள் முழுக்க அந்தப் பத்தாயிரம்தான். காய் வேகவில்லை என்று சந்தோஷப்படும்போதே பூ கொட்ட ஆரம்பித்திருக்கும்.

அறிகுறி: அடியிலை மஞ்சளாகி உதிர்கிறது, காய் உச்சியில் மட்டும் பிடிக்கிறது

இதுதான் அதிகம் குழப்புவது. தழைச்சத்துக் குறைவிலும் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். மெக்னீசியக் குறைவிலும் அடியிலைதான். செம்பேன் அடித்தாலும் இலை வெளிறும். அதனால் உடனே உரக்கடைக்கு ஓடாமல் ஓரத்து வரிசைக்குப் போங்கள்.

சைட் கர்ட்டனை (பக்கத் திரையை) ஒட்டிய வரிசை, நடைபாதையை ஒட்டிய வரிசை, இவற்றுக்குப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வருகிறது. உரம், தண்ணீர், ரகம், நட்ட தேதி எல்லாம் ஒன்றுதான். வெளிச்சம் மட்டும் கூடுதல். ஓரத்துச் செடியின் அடியிலை பச்சையாக நின்று, நடுவரிசையின் அடியிலை மட்டும் மஞ்சளானால் அது வெளிச்சப் பட்டினி. ஓரத்திலும் நடுவிலும் ஒரே மாதிரி மஞ்சளானால் சத்துக் குறைவைத் தேடுங்கள். நரம்பு பச்சையாக நின்று நடுவில் மட்டும் வெளிறினால் மெக்னீசியம். இலையைத் திருப்பிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக ஊர்வதும் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் செம்பேன்.

போன வருடம் ஒரு தம்பியின் பாலிஹவுஸில் நடுவரிசையில் குனிந்து உட்கார்ந்தேன். தலைமட்டத்தில் ஒளி கண்ணைக் கூசியது. முழங்கால் மட்டத்தில் சாயங்காலம் போல இருந்தது. தண்டோடு தண்டாக மூன்று அடிக்கு இலைக்காம்பு விழுந்த தழும்பு மட்டும்தான். தரையில் அங்கங்கே ரூபாய் நாணயம் அளவில் வெயில் பொட்டுகள் பளீரென்று கிடந்தன. பக்கத்து இலை இருட்டில். நாள் முழுக்க அந்தப் பொட்டு நகர்ந்து ஒவ்வொரு இலையையும் சில நிமிடம் சுட்டுவிட்டுப் போகிறது. சிதறிய ஒளியில் அந்தப் பொட்டே இருக்காது. கீழே எல்லா இலைமேலும் மிதமான வெளிச்சம் இருக்கும். நின்றுகொண்டே பார்த்தால் இது தெரியாது. ஒரு முறையாவது நடுவரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

வெளிச்சப் பட்டினிதான் என்று உறுதியானால், ஷீட் மாற்றுவது வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் கிளை ஒழுங்கு. செடிக்கு இரண்டு தண்டு என்று ஆரம்பித்து, கை ஓய்ந்ததும் பக்கக்கிளையை விட்டுவிடுகிறோம். நாலாகி, ஆறாகி நடுவில் புதர் மண்டுகிறது. சிதறடிக்கும் ஷீட்டும் புதருக்குள் வெளிச்சத்தைத் தள்ள முடியாது. இரண்டு தண்டுக்குக் கொண்டுவாருங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். திடீரென்று திறந்தால் நிழலிலேயே வளர்ந்த காய் வெந்துவிடும். வாரத்துக்கு ஒரு பக்கம் என்று பிரித்துச் செய்யுங்கள்.

அப்புறம் தரை. மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட் கறுப்புப் பக்கம் மேலே கிடந்தால், கீழே வந்து சேர்ந்த கொஞ்ச வெளிச்சமும் அங்கே செத்துவிடும். வெள்ளை அல்லது சில்வர் பக்கம் மேலே இருந்தால் அது திரும்பி அடியிலையின் முதுகில் படும். நடைபாதையிலும் வெள்ளைச் சாக்கு ஷீட் விரித்துப் பார்க்கலாம். செலவு குறைவு, பலன் கண்ணுக்குத் தெரியும்.

அறிகுறி: டிஃப்யூஸ்டு (சிதறடிக்கும்) ஷீட் என்று வாங்கிப் போட்டும் விரல் நிழல் கூர்மையாக விழுகிறது

இது எனக்கே நடந்தது. பில்லில் டிஃப்யூஸ்டு என்றுதான் எழுதியிருந்தது. மூன்றாவது மாதம் கை நிழலைப் பார்த்தபோது நகம்கூடத் தெரிந்தது. கடைக்காரர் "200 மைக்ரான் சார், யூவி சார்" என்றார். அந்த இரண்டும் இதற்குப் பதில் இல்லை. மைக்ரான் என்பது தடிமன். யூவி (புற ஊதா) நிலைப்பு என்பது வெயிலில் எத்தனை வருடம் நைந்து போகாது என்பது. வெளிச்சத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவை வேறு இரண்டு: மொத்தத்தில் எவ்வளவு கடத்தும், கடத்தியதில் எவ்வளவு சிதறும். இரண்டையும் சதவீதத்தில் எழுதி வாங்குங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் மற்றது மோசமாக இருக்க வாய்ப்புண்டு. சிதறல் அதிகமாக இருந்து கடத்தல் குறைந்தால், மங்கலான ஷீட்டுக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

சிதறல் சதவீதத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹேஸ் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வது இதைத்தான். வழக்கமான அளவுமுறையில், வெளிச்சம் தன் பாதையிலிருந்து இரண்டரை டிகிரிக்கு மேல் விலகினாலே அது சிதறல் கணக்கில் சேரும். மூன்று டிகிரி விலகியதும் ஐம்பது டிகிரி விலகியதும் அந்த எண்ணில் ஒன்றுதான். செடிக்கு ஒன்றல்ல, அகலமாக விரிந்தால்தான் இலை அடுக்குக்குள் நுழையும். அதனால் எண்ணோடு கண்ணும் வேண்டும்.

வாங்குவதற்கு முன் கடையிலேயே செய்யலாம். ஓர் அடி சதுர ஷீட் துண்டு, ஒரு லேசர் பேனா, இருட்டு அறை, வெள்ளைச் சுவர். சுவருக்கு ஒரு மீட்டர் முன்னால் துண்டைப் பிடித்து லேசரை அதன் வழியே அடியுங்கள். யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் கூர்மையான புள்ளி அப்படியே நின்று சுற்றிலும் லேசான மினுக்கம் மட்டும் இருந்தால் அது கிளியர் ஷீட்தான், பெயர் என்னவாக இருந்தாலும். புள்ளி கரைந்து அகன்ற ஒளிவட்டமாக விரிந்தால் அகலச் சிதறல். புள்ளியும் இருந்து, சுற்றி உள்ளங்கை அளவு வட்டமும் இருந்தால் நடுத்தரம். இரண்டு, மூன்று ஷீட்டை அடுத்தடுத்துப் பிடித்தால் வித்தியாசம் தெரியாதவர் இருக்க முடியாது.

அறிகுறி: வெளிச்சம் நன்றாகச் சிதறுகிறது, ஆனால் செடி நீண்டு மெலிகிறது, கணு இடைவெளி கூடுகிறது

இங்கே பங்கீடு சரி. பங்கிடுவதற்குச் சரக்கு இல்லை. விகிதச் சோதனையில் 50-க்குக் கீழே வந்திருக்கும்.

பழைய ஷீட்டில் இது வழக்கம். தூசி, பாசி, வெயிலில் நைந்த மேற்பரப்பு எல்லாம் வெளிச்சத்தைச் சிதறடிக்கத்தான் செய்யும். விரல் நிழல் அழகாக மங்கும். "ஷீட் பழசானா தானா டிஃப்யூஸ் ஆகிடுதுண்ணா" என்று ஒருவர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். ஆகிறது உண்மைதான். ஆனால் சிதறியதில் பெரும்பங்கு வெளியே திரும்பிப் போகிறது. முதலில் கழுவிப் பாருங்கள். அதிகாலையில், கட்டரில் நின்று, தண்ணீர்க் குழாயும் மிருதுவான துணி கட்டிய நீளக் கம்பும். ஷீட்மேல் ஏறாதீர்கள். கழுவியும் விகிதம் ஏறாவிட்டால் ஷீட் முடிந்துவிட்டது. கந்தகப் புகையும் குளோரின் கலந்த மருந்துகளும் யூவி நிலைப்பைச் சீக்கிரம் அழிக்கும் என்பதால், சாம்பல் நோய்க்குக் கந்தகம் எரிக்கும் ரோஜா வீடுகளில் ஷீட் சொன்ன வருடத்துக்கு முன்பே போய்விடுவது உண்டு.

ஒரு பழக்கம் சொல்கிறேன். புது ஷீட் போடும் அன்று ஒரு மீட்டர் துண்டை வெட்டிச் சுருட்டி, தேதி எழுதி, இருட்டான அலமாரியில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, பக்கவாட்டில் மிச்சமாகத் தொங்கும் பகுதியில் ஒரு துண்டு வெட்டி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு ஷீட் மங்குவது தெரியாது. பக்கத்தில் வைத்தால் நெஞ்சே அடைக்கும்.

காலையில் மட்டும் மங்கலா? ஷீட்டின் உள்பக்கம் பனித்துளி முத்து முத்தாகக் கோத்து நிற்கிறதா பாருங்கள். துளிகள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். காலை முதல் இரண்டு, மூன்று மணி நேரம் வீணாகும். துளி நிற்காத பூச்சுள்ள ஷீட்டில் தண்ணீர் படலமாகப் பரவி ஓரத்துக்கு வழிந்துவிடும். அப்படிப்பட்ட ஷீட்டாக இருந்தும் துளி நின்றால், உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருக்கலாம். ஓரத்தில் அச்சடித்த எழுத்து எந்தப் பக்கமிருந்து நேராகப் படிக்க வருகிறது என்று போடும் அன்றே சரிபாருங்கள். ஆள் ஏறிப் போட்ட பிறகு யாரும் திருப்ப மாட்டார்கள்.

மேற்கூரையில் கோடைக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் மழை வந்ததும் அது தானாகக் கரையும் என்று விட்டுவிடாதீர்கள். கட்டர் சரிவிலும் மடிப்பிலும் திட்டுத்திட்டாக நிற்கும். ஈரச் சுண்ணாம்பு துத்தநாகப் பூச்சையும் அலுமினிய புரொஃபைலையும் அரிக்கவும் செய்யும். தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

அறிகுறி: கட்டருக்கு அடியில் இருக்கும் வரிசை மட்டும் மெலிவு

கட்டர் எந்தத் திசையில் ஓடுகிறது? வடக்கு தெற்காக ஓடினால் நிழல் காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே என்று நகர்ந்துகொண்டே இருக்கும். எந்த வரிசையும் முழு நாளும் மாட்டாது. கிழக்கு மேற்காக ஓடினால் நிழல் நாள் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே பட்டையில் கிடக்கும்.

ஓசூர் அட்சரேகையில் சூரியன் வருடத்தில் இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நாலரை மீட்டர் உயர கட்டர் என்றால், மார்கழி நண்பகலில் அதன் நிழல் வடக்கே மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி விழும். சித்திரையில் நேர் கீழே. ஆனியில் தெற்கே ஒரு மீட்டருக்கும் உள்ளே. ஆகவே நலிந்த வரிசை எந்த மாதத்தில் பிஞ்சு விட்டது என்று பார்த்து, அந்த மாதத்து நிழலோடு பொருத்திப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அந்த வரிசையின் ட்ரிப் குழாயைத் திறந்து பாருங்கள். கட்டர் ஒழுக்குத் தண்ணீர் வேரில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

சிதறடிக்கும் ஷீட் பைப் நிழலை அழித்துவிடும். அகலமான கட்டர் நிழலை மென்மையாக்கும், முழுக்க அழிக்காது. அந்தப் பட்டையை நடைபாதையாக்கிவிடுவதுதான் நேர்மையான தீர்வு.

அறிகுறி: ரோஜாவில் குருட்டுக் கிளை கூடுகிறது, சிவப்பு ரோஜாவில் இதழ் ஓரம் கறுக்கிறது

இரண்டும் வேறு வேறு. மொட்டு இல்லாத குருட்டுக் கிளை, வெளிச்சம் போதாமலும் குளிராலும் வருவது; வளைத்துவிட்ட அடித் தண்டுகளுக்கு ஒளி இறங்குகிறதா என்று பார்த்து, மேலே சொன்ன அடியிலைப் பகுதியின்படி செய்யுங்கள். இதழ் கறுப்பது, குளிர்ந்த இரவும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து செய்வது. அதற்குப் புற ஊதாவைத் தடுக்கும் ஷீட் வேண்டும். சிதறல் அதற்கு உதவாது. யூவி நிலைப்பு வேறு, யூவி தடுப்பு வேறு என்பதையும் கடையில் பிரித்துக் கேளுங்கள்.

அறிகுறி: மேகமூட்ட மாதங்களில் வளர்ச்சி நின்றுவிடுகிறது

மேகம் வழியாக வரும் வெளிச்சம் ஏற்கெனவே சிதறியதுதான். அந்த நாள்களில் சிதறடிக்கும் ஷீட்டால் தனியாக ஒரு லாபமும் இல்லை. கடத்தல் மட்டும்தான் கணக்கு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வருடத்தில் பல மாதம் இப்படித்தான். அங்கே கார்னேஷன் போடுபவர் சிதறல் எண்ணைவிடக் கடத்தல் எண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும். சமவெளியில் ஐப்பசி, கார்த்திகைக்கு முன் கூரையைக் கழுவி, நெட்டைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். நெதர்லாந்தில் ஒரு சதவீத வெளிச்சம் என்றால் ஒரு சதவீத விளைச்சல் என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. நம் மழைக்காலத்துக்கு அது அப்படியே பொருந்தும்.

நாற்றுத் தட்டுகளுக்கும் கீரை, லெட்டூஸ் போன்ற குட்டைப் பயிருக்கும் சிதறிய ஒளியால் பெரிய விளைச்சல் மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். இலைமேல் இலை அடுக்கும் உயரப் பயிருக்குத்தான் அதன் பலன். ஆனால் நிழலில் வளரும் ஆந்தூரியம் போன்ற செடிக்கு வேறு வகையில் உதவும்: வெளிச்சம் சிதறி வந்தால் இலை கருகாமல் கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடலாம். வாகெனிங்கனில் ஆந்தூரியத்தில் செய்து பார்த்தது இதைத்தான். செடி விரைவாக வளர்ந்தது.

அறிகுறி: நிழல் மங்கல், விகிதம் 65, அடியிலை பச்சை, இருந்தும் பூ கொட்டுகிறது

அப்படியானால் வெளிச்சத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். செடித் தலை மட்டத்தில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிடுங்கள், வெயில் நேராகப் படாமல். குடைமிளகாயில் பகல் 32 டிகிரியைத் தாண்டினால் பூ நிற்பது கஷ்டம். அதோடு, தூசிக்கும் காற்றுக்கும் பயந்து சைட் கர்ட்டனை மூடி வைத்திருந்தால், உள்ளே இருக்கும் கரியமில வாயுவைச் செடி காலை பத்து மணிக்குள்ளாகவே தின்று குறைத்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல வெளிச்சம் விழுந்தாலும் சமைக்க அரிசி இல்லாத அடுப்புதான். கர்ட்டனை ஏழரை மணிக்கே சுருட்டுங்கள். மேல் வென்ட்டில் பூச்சி வலை தூசி அடைத்திருந்தால் அதையும் கழுவுங்கள். ஒரு வாரம் கழித்து, புதிதாக விரிந்த பூக்களில் பத்துக்கு எத்தனை நின்றிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.